பரிணாமத்துக்குப் பின்னால் ‘வளர்ச்சி’ எதற்கு?

ஜூன் 3: ஒரு வாசகர் கேட்டது

“ஒரு கட்டுரையில் ‘தமிழ் அச்சுத் தொழிலின் பரிமாண வளர்ச்சி’ என்று பார்த்தேன். இன்னொன்றில் ‘பரிணாம வளர்ச்சி’ என்று இருந்தது. எது சரி? இரண்டும் ஒன்றுதான் என்கிறார் நண்பர். எனக்கு அப்படித் தோன்றவில்லை.”

ஜூன் 3, இரவு

பரிணாமம். முடிந்தது.

பரிமாணம் என்றால் அளவு. நீளம், அகலம், உயரம். முப்பரிமாணப் படம் என்கிறோமே, அது. பரிணாமம் என்றால் ஒன்று கொஞ்சம் கொஞ்சமாக இன்னொன்றாக மாறிக்கொண்டே போவது. மகரமும் ணகரமும் நாற்காலி மாறி உட்கார்ந்ததால் வந்த குழப்பம். உங்கள் நண்பரிடம் சொல்லுங்கள், ஒன்று அல்ல.

இந்த ஒரு சொல்லால் நான் பட்ட பாடு தனிக்கதை. கடை சாத்த வேண்டும், நாளைக்கு எழுதுகிறேன்.

ஜூன் 4

நான் பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாக்காரன். கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு டிடிபி கடை. கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ், பிளக்ஸ். காலையில் தமிழ், மதியம் மலையாளம், சாயங்காலம் இரண்டும் கலந்த ஒன்று. இப்படி இருபது வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது.

சில வருஷத்துக்கு முன்னால் உள்ளூர்க் கைப்பந்துக் கழகம் ஒன்று இருபதாம் ஆண்டு விழாவுக்குப் பிளக்ஸ் அடிக்க வந்தது. எழுதிக் கொடுத்த தாளில் “இருபது ஆண்டு பரிமாண வளர்ச்சி” என்று இருந்தது. எனக்குத்தான் கை சும்மா இருக்காதே. ‘பரிணாம வளர்ச்சி’ என்று திருத்தி அடித்துவிட்டேன். பிளக்ஸ் கட்டிய அன்றைக்குச் சாயங்காலமே நாலு பேர் கடைக்கு வந்தார்கள்.

“என்னுங்கண்ணா, நாங்கெல்லாம் கொரங்குல இருந்து வந்தோம்னு போட்டு வெச்சிருக்கறீங்க?”

பள்ளிக்கூடத்தில் டார்வின் பாடத்தில் மட்டுமே அந்தச் சொல்லை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். பரிணாமம் என்றால் குரங்கு. குரங்கு என்றால் வசவு. சொல்லின் பொருள் இது, வேர் இது என்று நான் விளக்கிக்கொண்டிருக்கும்போதே ஒரு பையன் சொன்னான்: “சரிங்கண்ணா, நீங்க சொல்ற மாதிரி மாறிக்கிட்டே போறதுதான்னா, வளர்ச்சின்னு எதுக்குத் தனியாப் போட்டீங்க?”

அதற்கு என்னிடம் பதில் இல்லை. இன்றைக்கும் சரியான பதில் இல்லை. ஆனால் அன்றைக்கு ராத்திரி எனக்கு ஒன்று உறைத்தது. நான் தினமும் அடிக்கும் மலையாள நோட்டீஸ்களில் ‘பரிணாமம்’ என்று மட்டும்தான் வரும். வால் கிடையாது. வளர்ச்சி என்ற வால் நம் தமிழில் மட்டும்தான் இருக்கிறது.

ஜூன் 5, காலை

நேற்று எழுதியதைத் தொடர்கிறேன். அந்த வால் ஏன் தொந்தரவு என்றால், ‘வளர்ச்சி’ என்று சொன்னதுமே மேலே போகிறது, பெரிதாகிறது, நல்லதாகிறது என்ற நினைப்பு ஒட்டிக்கொள்கிறது. உயிரியலில் அப்படி ஒரு கட்டாயம் இல்லை.

கோட்டயம் பக்கத்துக் கிணறுகளில் ஒரு மீன் உண்டு. விரல் நீளம்கூட இருக்காது. ரத்தச் சிவப்பு. கெளுத்தி வகை. 1950இல் அதற்கு ஹோராக்ளானிஸ் கிருஷ்ணாய் என்று அறிவியல் பெயர் வைத்தார்கள். செம்பாறைக்கு அடியில் ஓடும் நிலத்தடி நீரில் வாழ்கிறது. கிணறு தோண்டும்போதும் தண்ணீர் இறைக்கும்போதும் தப்பித் தவறி மேலே வரும். அதற்குக் கண் இல்லை. இருட்டில் கண்ணால் என்ன பயன்? தலைமுறை தலைமுறையாகக் கண் தேய்ந்து காணாமல் போனது. இதுவும் பரிணாமம்தான். இதை எப்படிப் ‘பரிணாம வளர்ச்சி’ என்று சொல்வது? பார்வை போனதை வளர்ச்சி என்றால் என் கண் டாக்டர் சிரிப்பார்.

டார்வினே இந்தச் சொல்லைத் தொடத் தயங்கியவர். 1859இல் வந்த ‘உயிரினங்களின் தோற்றம்’ முதற்பதிப்பில் ஆங்கிலத்தில் நாம் இன்றைக்குச் சொல்லும் ‘எவல்யூஷன்’ என்ற பெயர்ச்சொல் இல்லவே இல்லை. ‘மாறுதல்களோடு வழிவழி வருதல்’ என்ற பொருளில்தான் எழுதினார். புத்தகத்தின் கடைசிச் சொல் மட்டும் அந்த வினையிலிருந்து வந்தது. பெயர்ச்சொல் உள்ளே வந்தது 1872இன் ஆறாம் பதிப்பில். அதன் லத்தீன் மூலத்துக்குப் பொருள் ‘சுருட்டி வைத்ததை விரித்தல்’, ஓலைச்சுருள் விரிப்பதுபோல. முன்பே எழுதி வைத்தது விரிகிறது என்று அர்த்தம் வந்துவிடும். அந்தத் தொந்தரவு ஆங்கிலத்துக்கு. நம் தொந்தரவு வளர்ச்சி.

ஜூன் 5, மாலை

திருச்சூரில் இருக்கும் ஒருவர் தனியாக எழுதியிருக்கிறார். மலையாளத்தில் வால் இல்லை என்று நான் எழுதியது தப்பாம். “பாஷையுடெ விகாசபரிணாமங்ஙள்” என்று கல்லூரிப் பாடத்தலைப்பே உண்டே, பார்த்ததில்லையா என்கிறார்.

பார்த்திருக்கிறேன். நானே பல தடவை அடித்தும் இருக்கிறேன். கேள்வித்தாள்கூட அடித்திருக்கிறேன். நினைவுக்கு வரவில்லை.

விகாசம் என்றால் வளர்ச்சிதான். ஆக அவர்களுக்கும் ஒட்டு உண்டு. என்ன, முன்னால் ஒட்டுகிறார்கள். நம்முடையது வால், அவர்களுடையது கொம்பு.

ஜூன் 7

“நீங்கள் ஆந்திராவில் இருந்துகொண்டு ஏன் மலையாள உதாரணமாகத் தருகிறீர்கள்?” என்று ஒருவர்.

ஐயா, அது வேறு சித்தூர். திருப்பதிக்குப் பக்கத்தில் இருப்பது ஆந்திரச் சித்தூர். இது கேரளச் சித்தூர். எனக்கு வரவேண்டிய கூரியர் இரண்டு தடவை அங்கே போய்த் திரும்பியிருக்கிறது. அதனால் கோபமில்லை, பழக்கம்.

ஆனால் பாருங்கள், அந்தச் சித்தூர்ப் பக்கத்துத் தமிழர் ஒருவர் அதற்குக் கீழேயே நல்ல தகவல் ஒன்று தந்திருக்கிறார். தெலுங்குச் செய்தியில் தினமும் ‘ராஜகீய பரிணாமாலு’ என்று வருமாம். அரசியல் நிகழ்வுப் போக்குகள் என்று பொருள். அமைச்சர் ராஜினாமா செய்தால் அது ஒரு பரிணாமம். கொஞ்சம் கொஞ்சமாக என்பதெல்லாம் அங்கே இல்லை. காலையில் ஒரு பரிணாமம், மாலையில் ஒரு பரிணாமம்.

இந்தியில் இன்னும் ஒரு படி மேலே. கஞ்சிக்கோட்டில் ஒரு ஆலையில் வேலை பார்க்கும் பீகார்ப் பையன் ஜெராக்ஸ் எடுக்க வந்தவன், போனைப் பார்த்துவிட்டு “பரிணாம் ஆ கயா” என்று குதித்தான். தங்கையின் பரீட்சை முடிவு வந்துவிட்டதாம். அவனுக்குப் பரிணாமம் என்றால் ரிசல்ட். மாறிக்கொண்டே போவது நமக்கு. மாறி முடிந்தது அவனுக்கு.

ஒரே சொல். பாலக்காட்டில் நடந்துகொண்டே இருக்கிறது, தெலுங்கில் அவ்வப்போது நடக்கிறது, இந்தியில் நடந்து முடிந்துவிட்டது.

ஜூன் 8

முதல் நாள் எழுதியதில் ஒரு திருத்தம். ‘பரிமாணம்’ வந்தாலே தப்பு என்று படிக்கிறவர்கள் நினைத்துவிடக் கூடாது. “பிரச்சினை புதிய பரிமாணம் எடுத்திருக்கிறது” என்பது சரி. இதுவரை தெரியாத ஒரு பக்கம் தெரிகிறது என்று அர்த்தம். “புதிய பரிணாமம் எடுத்திருக்கிறது” என்பதுதான் இடிக்கிறது. ‘பரிமாண வளர்ச்சி’ மட்டும் எந்தப் பக்கம் திருப்பினாலும் நிற்காது. மூன்று பரிமாணம் நாலாக வளர்ந்தால் ஒழிய.

ஜூன் 11

இது நீளமாகப் போகும். சமாளித்துக்கொள்ளுங்கள்.

பரிணாமம் வடசொல், நம் சொல் என்ன என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். எனக்கு முதலில் தோன்றியது ‘திரிதல்’. நன்னூலில் விகாரம் மூன்று: தோன்றல், திரிதல், கெடுதல். பள்ளியில் ‘பல் + பொடி = பற்பொடி, லகரம் றகரமாகத் திரிந்தது’ என்று உருப்போட்டோமே, அந்தத் திரிதல். மேலா கீழா என்று கவலைப்படாத சொல். ல் ற் ஆனதால் யாரும் வளரவும் இல்லை, தேயவும் இல்லை. நடுநிலையான சொல் கிடைத்துவிட்டது என்று எனக்குச் சந்தோஷம்.

அந்தச் சந்தோஷம் டீக்கடை வரைக்கும் தாங்கவில்லை.

எங்கள் ஊர் டீக்கடையில் எனக்கு ஒரு மலையாளச் சினேகிதர் உண்டு, என்னைவிட மூத்தவர், சேட்டா என்றுதான் கூப்பிடுவேன். பேச்சு எப்படியோ மொழிப் பக்கம் போனது. “தமிழ் திரிஞ்சுதானே சேட்டா மலையாளம் வந்தது” என்று சொல்லிவிட்டேன். நன்னூல் நினைப்பில்தான் சொன்னேன். அவருக்கு முன்னால் எங்கள் ஆட்களில் ஒருவர் விழுந்து விழுந்து சிரித்தார். ஏனென்றால் தமிழில் வேறு எது திரியும்? பால் திரியும். திரிந்த பாலை என்ன செய்வோம்? சேட்டனுக்குப் புரியும் வரை விளக்கியும் கொடுத்தார், புண்ணியவான்.

நான் அவசரமாகச் சமாளித்தேன்: “சரி சேட்டா, திரியல, பிரிஞ்சது. தமிழ்ல இருந்து பிரிஞ்சது.”

முகம் இன்னும் கறுத்தது. பிறகுதான் தெரிந்தது. மலையாளத்தில் பால் கெட்டுப்போனால் ‘பிரிஞ்ஞு’ என்பார்கள். நமக்குத் திரிந்தால் கெட்டது, அவர்களுக்குப் பிரிந்தால் கெட்டது. நான் மரியாதையாகச் சொல்வதாக நினைத்து அவர் பாலையும் கெடுத்தேன்.

டீ மாஸ்டர் கடைசியில் சொன்னார்: “ரெண்டு பேரும் பாலை விட்டுட்டு கட்டஞ்சாய குடிங்க.”

ஜூன் 11, இரவு

மேலே எழுதியதில் ஒன்று விட்டுப்போனது. சேட்டன் மறுநாளே சமாதானமாகிவிட்டார். அவர் சொன்ன வாதம் எனக்குப் பிடித்திருந்தது. மலையாளத்தின் தந்தை என்று அவர்கள் கொண்டாடும் துஞ்சத்து எழுத்தச்சன் கடைசிக் காலத்தைக் கழித்தது எங்கள் சித்தூரில், சோகநாசினிக் கரையில் என்பது ஐதீகம். அங்கே அவர் பேரில் குருமடம் இருக்கிறது. அங்கிருந்து கிழக்கே கொஞ்ச தூரம் வந்தால் கடைவீதியில் எல்லாரும் “வாங்க, போங்க” என்று கொங்குத் தமிழ் பேசுகிறார்கள். “பிரிஞ்சிருந்தா நடுவுல வேலி இருக்கணும்ல்லடோ, எவிடெ வேலி?” என்றார்.

நானும் பார்த்துவிட்டேன். வேலந்தாவளத்தில் சோதனைச் சாவடி இருக்கிறது. வேலி இல்லை.

ஜூன் 12

பாலில் இருந்து தயிர். இதைத்தான் சாங்கிய தத்துவக்காரர்கள் பரிணாமத்துக்கு உதாரணம் காட்டுவார்கள். காரணம் நிஜமாகவே காரியமாக மாறுகிறது என்பது பரிணாமவாதம். அத்வைதிகள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். மாறியதுபோலத் தெரிகிறது, மாறவில்லை, கயிறுதான் பாம்பாகத் தெரிகிறது என்பார்கள். அதற்குப் பேர் விவர்த்தவாதம்.

சாங்கியகாரிகையில் ‘பரிணாமத்தால், தண்ணீரைப் போல’ என்று ஒரு தொடர் வரும். உரை சொல்லும் வாசஸ்பதி மிச்ரர் அதை விரிக்கிறார்: மேகத்திலிருந்து விழும் தண்ணீர் ஒரே சுவைதான். அது தென்னையில் போய் ஒரு சுவை, பனையில் ஒரு சுவை, வில்வத்தில் ஒரு சுவை, நெல்லியில் ஒரு சுவை. சொன்னவர் மிதிலைப் பக்கத்துக்காரர் என்பார்கள். எங்கள் தோப்பில் உட்கார்ந்து சொன்னதுபோல இருக்கிறது.

இதில் எனக்குப் பிடித்தது என்னவென்றால், தேங்காய்த் தண்ணீர் நெல்லிக்காய்ச் சாற்றைவிட வளர்ந்தது என்று அவர் சொல்லவில்லை.

ஜூன் 15

இலங்கை நண்பர் ஒருவர்: “எங்கள் பாடப்புத்தகத்தில் ‘கூர்ப்பு’ என்றுதான் படித்தோம். உங்களுக்குத் தெரியாதா?”

தெரியும், ஆனால் எங்கிருந்து வந்தது என்று யோசித்ததில்லை. இப்போது தேடினேன். தொல்காப்பிய உரியியலில் “கூர்ப்பும் கழிவும் உள்ளது சிறக்கும்” என்று ஒரு சூத்திரம். ஏற்கெனவே இருக்கும் ஒரு குணம் மிகுவதை இந்த இரண்டு சொல்லும் காட்டும் என்று அர்த்தம். ‘உள்ளது சிறத்தல்’ என்று தனித்தமிழ்க்காரர்கள் பரிணாமத்துக்கு எழுதுவார்களே, அதன் மூலமும் இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

அழகான சொல். ஆனால் பாருங்கள், இங்கேயும் ‘சிறத்தல்’ வந்து உட்கார்ந்துவிட்டது. கண்ணில்லாத கிணற்று மீனுக்கு எது சிறந்தது? வளர்ச்சியைத் தள்ளிவிட்டுச் சிறப்பைக் கூட்டி வந்த கதை.

ஆனால் நான் எழுத வந்தது அதைப் பற்றி இல்லை. அந்தச் சூத்திரத்தில் இன்னொரு சொல் இருக்கிறது பாருங்கள். கழிவு. தொல்காப்பியருக்குக் கழிவு என்றால் மிகுதி. நன்னூலிலும் “சால உறு தவ நனி கூர் கழி மிகல்”. கழிபேரின்பம் என்றால் கழித்துப்போட்ட இன்பம் அல்ல, மிகப் பெரிய இன்பம். இன்றைக்குக் கழிவு என்றால் என்ன? சாக்கடை. கழிவுநீர். ஜவுளிக்கடையில் பத்து சதவீதம் கழிவு. மிகுதி என்ற பொருளில் இருந்த சொல் மெல்ல மெல்லக் கழித்துப்போட்டது ஆகிவிட்டது. கூர்ப்பு மேலே போனது, கூடவே பிறந்த கழிவு கீழே போனது.

எல்லை தாண்டினால் கதை வேறு. மலையாளத்தில் ‘கழிவு’ என்றால் திறமை. “அவனு நல்ல கழிவுண்டு” என்றால் அவன் கெட்டிக்காரன். கழிக்குக என்றால் சாப்பிடுவது. கழிஞ்ஞு என்றால் முடிந்தது. எங்கள் ஊர்க் குழந்தைகள் பாவம்.

ஜூன் 16

கழிவு என்றதும் ஞாபகம் வருகிறது. எங்கள் கடையில் முன்பு ஒரு பையன் டைப் அடித்துக்கொண்டிருந்தான். ஒரு மலையாளி முதலாளி, டிரைவர் வேலைக்கு ஆள் தேடிப் பொள்ளாச்சிப் பக்கம் ஒட்டத் தமிழில் நோட்டீஸ் கேட்டார். அவர் மலையாளத்தில் எழுதிக் கொடுத்ததைப் பையன் அப்படியே தமிழ் எழுத்தில் ஏற்றிவிட்டான்.

“நல்ல கழிவும் பரிச்சயமும் உள்ள டிரைவர் தேவை.”

200 பிரதி. செப்டிக் டேங்க் லாரிக்கு என்று நினைத்து மூன்று பேர் போன் பண்ணினார்கள். அதில் ஒருவரை வேலைக்கும் எடுத்துக்கொண்டார்.

ஜூன் 20

பெரிய சொல்லையே பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கிறோம். வீட்டில் யார் பரிணாமம் என்கிறார்கள்? கொஞ்சம் கொஞ்சமாக மாறுவதற்கு நம் வாயில் வருவது ‘வர வர’, ‘போகப் போக’, ‘நாளாக நாளாக’. வினையை இரட்டித்துவிட்டால் போதும்.

ஆனால் இந்த இரட்டைகளுக்குள் ஒரு வித்தியாசம் இருக்கிறது. என் அம்மிச்சி, அதாவது அம்மாவின் அம்மா, பேசியதை நினைத்துப் பார்க்கிறேன். அவர் ‘வர வர’ என்று ஆரம்பித்தால் அடுத்து வருவது குறைதான். “வர வர இந்தப் பையன் சொன்ன பேச்சே கேக்கறதில்ல.” “வர வர மழையே இல்ல.” பழமொழியும் அப்படியே: வர வர மாமியார் கழுதை போல ஆனாளாம். ‘போகப் போக’ என்று ஆரம்பித்தால் ஆறுதல். “போகப் போகச் சரியாயிரும் சாமி.” “போகப் போகப் பழகிரும்.” எனக்குக் கல்யாணமான புதிதில் என் மனைவியிடம் அதைத்தான் சொன்னார். என் மனைவி அதை என்னைப் பற்றிச் சொன்னதாக இன்றைக்கும் நம்புகிறாள்.

ஏன் இப்படி? வருவது நம்மை நோக்கி வருகிறது. இதுவரை பட்டதைக் கணக்குப் பார்க்கிறோம். போவது முன்னால் கிடக்கிறது. இன்னும் பார்க்கவில்லை, அதனால் நம்பலாம். நான் யோசித்த விளக்கம் இது. அம்மிச்சியிடம் கேட்டிருந்தால் “வேலையில்லாதவன்” என்றிருப்பார்.

‘படிப்படியாக’ என்பதற்குப் படி ஏறத்தான் தெரியும் என்று எழுத வந்தேன். “படிப்படியாகக் குறைந்தது” என்று தினமும் செய்தியில் வருகிறது. படியில் இறங்கவும் செய்யலாமே. அதனால் அந்தப் பத்தியை விட்டுவிட்டேன்.

ஜூன் 21

சரி, சரி. “வர வர நல்லாப் பாடறியே” என்று பாராட்டாகவும் சொல்வோம், ஏழு பேர் எழுதிவிட்டீர்கள். ஒத்துக்கொள்கிறேன். எங்கள் அம்மிச்சி யாரையும் பாராட்டியதில்லை, அதனால் எனக்குத் தெரியாமல் போனது.

ஜூன் 22

‘எல்லாமே கொஞ்சம் கொஞ்சமாகத்தான் மாறும்’ என்று ஒருவர் தத்துவம் பேசியிருக்கிறார். எங்கள் அப்பாவைக் கேட்டிருக்க வேண்டும். பிறந்தது கொச்சி ராஜ்யத்தில். சுற்றிலும் மதராஸ் மாகாணம். நடுவில் தீவுபோலச் சித்தூர் தாலுகா மட்டும் கொச்சி மகாராஜாவுக்கு. பள்ளிக்கூடம் படித்தது 1949இல் உருவான திரு-கொச்சியில். கல்யாணம் ஆனது 1956 நவம்பர் 1க்கு அப்புறம், கேரளத்தில். மூன்று தேசம் பார்த்தவர், வீடு மாற்றியதே இல்லை. ஒவ்வொரு தடவையும் ராத்திரியோடு ராத்திரியாக நடந்தது. காலையில் எழுந்து மாட்டுக்குத் தண்ணி காட்டப் போனார், அவ்வளவுதான்.

அவர் பேச்சு மாறியது மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக. கடைசிக் காலத்தில் “இருக்கு” என்பதைவிட “உண்டு” என்பதுதான் அதிகம். “சாப்பாடு உண்டா?” எப்போது ஆரம்பித்தது என்று எங்கள் யாருக்கும் தெரியாது.

ஜூன் 27

‘மெல்ல’ என்பதைப் பற்றி யாரும் பேசவில்லையே என்று கேட்டவருக்கு. எனக்கு ‘பைய’தான் இஷ்டம். குமரி, நெல்லைப் பக்கம் இன்றைக்கும் “பைய வா” என்பார்கள். குறளில் “பசையினள் பைய நகும்”. சம்பந்தர் “பையவே சென்று பாண்டியற்கு ஆகவே” என்று தீயை அனுப்புகிறார். அவர் தங்கியிருந்த மடத்துக்கு எதிரிகள் வைத்த நெருப்பு, போகட்டும், ஆனால் பையப் போகட்டும் என்கிறார். சட்டென்று எரிக்காமல் மெல்ல ஏறும் காய்ச்சலாக அது பாண்டியனைப் பிடித்தது என்று கதை. தண்டனையிலும் ஒரு நிதானம்.

எங்கள் கொங்குப் பக்கத்தில் ‘பைய’ தேய்ந்துவிட்டது, “மொள்ள” வந்துவிட்டது. ஆனால் மேற்கே திரும்பினால் மலையாளத்தில் ‘பய்யெ’ கல்லுக்குண்டாக இருக்கிறது. “பய்யெத் தின்னால் பனையும் தின்னாம்.” மெதுவாகத் தின்றால் ஒரு பனைமரத்தையே தின்று தீர்க்கலாம். நம் எறும்பு ஊரக் கல் தேய்வதைவிட இதில் பசி அதிகம்.

இன்னொன்று ‘பதுக்கெ’. அதற்கும் மெதுவாக என்றுதான் பொருள். ரேஷன் கடையில் அரிசி அளப்பவரிடம் ஒரு மலையாளி அம்மா “பதுக்கெ, பதுக்கெ” என்று சொன்னதைக் கேட்டு, பொள்ளாச்சியிலிருந்து வந்திருந்த என் மச்சான் அதிர்ந்துபோனான். “என்ன மாமா, இங்க இவ்வளவு வெளிப்படையாச் சொல்றாங்க?”

ஜூலை 2

கள் பற்றி எழுதாமல் இந்த இழை முடிந்தால் எங்கள் தாலுகாவுக்கே அவமானம். சித்தூர்த் தோப்புகளில் இறக்கும் கள்தான் வண்டி வண்டியாகக் கேரளத்தின் பல மாவட்டங்களுக்குப் போகிறது. எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை. இந்தப் பக்கம் பலகை மாட்டிய கடை. மரம் ஒன்றுதான், மண் ஒன்றுதான்.

காலையில் இறக்கினால் இனிப்பு. வெயில் ஏற ஏற நுரைக்கும், புளிக்கும். காற்றில் வரும் ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று சாராயமாக்குகிறது. விட்டால் இன்னொரு நுண்ணுயிர் வந்து அந்தச் சாராயத்தையும் காடியாக்கிவிடும். எந்த நிமிஷத்தில் இனிப்புக் கள் புளித்த கள் ஆகிறது என்று கேட்டால் யாராலும் கோடு போட முடியாது. ஒரு நாளைக்குள் முழுப் பரிணாமமும் பார்த்துவிடலாம், குடித்தும் பார்க்கலாம்.

புளித்துக் காரம் ஏறியதை மலையாளத்தில் ‘மூத்த கள்ளு’ என்பார்கள். அதில் ஒரு மரியாதை இருக்கிறது. அனுபவசாலிகள் அதைத்தான் கேட்பார்கள். நாம் அதே வேரை வைத்துக்கொண்டு என்ன செய்கிறோம் பாருங்கள். மனிதர் மூத்தால் ‘மூத்தவர்’, கும்பிடுகிறோம். கத்தரிக்காய் மூத்தால் ‘முத்திப்போச்சு’, மாட்டுக்குப் போடுகிறோம். பைத்தியமும் முத்தும். பழுத்த அனுபவம், பழுத்த புண். ஆக, மேல் கீழ் என்பது வினைக்குள் இல்லை, எது மாறுகிறது என்பதில்தான் இருக்கிறது. அப்படியானால் ‘பரிணாமம்’ என்று மட்டும் சொன்னால் போதும். மேலா கீழா என்பதை எதன் பரிணாமம் என்பதே சொல்லிவிடும். ஜூன் 4இல் அந்தப் பையன் கேட்டதற்கு இதுதான் பதிலோ என்னவோ. மூத்த கள் பக்கத்தில் இருந்தபோது தோன்றியது, காலையில் படித்துப் பார்க்கிறேன்.

ஜூலை 3, காலை

படித்துப் பார்த்தேன். நிற்கிறது.

ஒன்று மட்டும் சேர்க்கிறேன். மலையாளத்தில் ‘வளரெ நல்லது’ என்றால் ‘ரொம்ப நல்லது’. வளர் என்ற நம் வினைதான் அங்கே புழங்கிப் புழங்கி வெறும் ‘மிக’ என்று ஆகிவிட்டது. ‘பரிணாம வளர்ச்சி’யில் வரும் வளர்ச்சிக்கும் இதே கதிதான் என்று நினைக்கிறேன். யாரும் அதை அர்த்தத்தோடு சொல்லவில்லை. சட்டைக்குப் பித்தான்போலப் பழக்கத்தில் வருகிறது. அதனால் இனிமேல் வாடிக்கையாளர் எழுதிக் கொடுத்தால் வெட்டுவதில்லை என்று முடிவு. ‘பரிமாண’ என்றால் மட்டும் திருத்துவேன், முன்கூட்டிச் சொல்லிவிட்டு.

ஆகஸ்ட் 19

இழை அடங்கிவிட்டது என்று நினைத்தேன். அதே கைப்பந்துக் கழகம் மறுபடி வந்தது. இருபத்தைந்தாம் ஆண்டாம். அன்றைக்கு வளர்ச்சி எதற்கு என்று கேட்ட பையன்தான் இப்போது செயலாளர், மீசை வைத்திருக்கிறான்.

“அண்ணா, பரிணாமமும் வேண்டாம், பரிமாணமும் வேண்டாம். புரியற மாதிரி ஏதாவது போடுங்க.”

இரண்டு பேரும் உட்கார்ந்து யோசித்து “கால் நூற்றாண்டு: நாம் கடந்து வந்த பாதை” என்று முடிவு செய்தோம். குரங்கு இல்லை, வளர்ச்சி இல்லை, யாருக்கும் மனத்தாங்கல் இல்லை. பத்துக்கு ஆறு அடி பிளக்ஸ். பஸ் ஸ்டாண்டு எதிரில் கட்டிவிட்டார்கள். நேற்று அந்த வழியாகப் போன சேட்டன் தமிழ் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு எனக்குப் போன் பண்ணினார்.

“எடோ, ‘கடந்து வந்த பாதி’ன்னு இருக்கு. மீதி எப்போ?”

மறு அச்சு என் செலவு.